ஞாயிற்றுக்கிழமை வீடு

கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று அம்புஜத்துக்கு நினைவு வரவில்லை.

இருபத்திரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்டவர்கள், தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டியவர்கள், செல்போனை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றவர்கள். காலை ஏழரை மணி வெயில் சீப்புக்கார முதல் வீதியின் ஓட்டுக் கூரைகளைத் தாண்டி, பச்சைக் கதவு போட்ட வீட்டின் முற்றத்துக்குள் அப்போதுதான் இறங்கியிருந்தது. பீளமேட்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, போன வாரம் சொன்ன கிணறு எங்கே இருந்தது, ஆன்ட்டி கையால் காட்டினால் அளந்து படம் வரைந்துகொள்வேன் என்று கேட்டுவிட்டாள்.

போன வாரம் கிணற்றைப் பற்றி வாயை விட்டது அம்புஜமேதான். யாரும் கேட்கவில்லை. பேச்சு பாதியில் நின்று எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், சும்மா நிற்கக் கூச்சமாக இருந்து சொன்னது.

அவள் முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். எங்கும் சிமெண்டுத் தளம். வலது கை தானாக எழுந்து மூலையில் கிடந்த துவைக்கிற கல்லைக் காட்டியது.

"அங்கதான் கண்ணு."

"ஆமாங்க, அதேதானுங்க," என்றார் அந்த வீட்டுப் பஷீர். "எங்க அத்தா காலத்துலயே மூடிப்போட்டோம்."

அம்புஜத்துக்கு மூச்சு வந்தது. அந்தப் பெண் துவைக்கிற கல்லைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் வரை அம்புஜத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது மற்ற நாட்களைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு நாள், அவ்வளவுதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது அறுபத்து மூன்று. வீட்டுக்காரர் போய் நாலு வருடமாகிவிட்டது. காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். பெங்களூரில் இருக்கும் மகள் பிரவீனா, அம்மா டிவி முன்னால் உட்கார்ந்தே காலம் தள்ளுகிறாள் என்ற கவலையில், பழைய கோவை வீடுகளை நடந்து பார்க்கும் கூட்டம் ஒன்றில் கேட்காமலேயே பெயரைப் பதிந்துவிட்டாள். ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு ஆரம்பிக்கும். நடத்துவது தேஜஸ்ரீ என்கிற இருபத்தேழு வயதுப் பெண். கட்டடக்கலை படித்தவள். பின்பக்கமாக நடந்துகொண்டே பேசுவாள், எதிலும் இடித்துக்கொள்ள மாட்டாள்.

வேண்டாவெறுப்பாகத்தான் அம்புஜம் போனாள். தேக்குத் தூண்களையும் கம்பி வேலைப்பாடுகளையும் தேஜஸ்ரீ காட்டக் காட்ட, எப்போது டீக்கடை வரும் என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். சீப்புக்கார முதல் வீதியில் திரும்பி, அந்தப் பச்சைக் கதவைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

மூன்று படி. கதவுக்கு மேலே அரைவட்டமாக ஒரு கம்பி ஜன்னல். கதவு திறந்திருந்தது. உள்ளே நேராக ஓடிய நடை, முற்றத்தைத் தாண்டி, கடைசியில் இருட்டாக ஒரு அடுப்படி வாசலில் போய் முடிந்தது.

ஆறு வயதில் விட்டுவந்த வீடு. அந்த வருடம் அவள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா வீட்டை விற்றுவிட்டு, சிமெண்ட் கம்பெனியில் வேலை கிடைத்து, பிள்ளைகள் இரண்டு பேரையும் மதுக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. முகம் எப்போதோ அழிந்துவிட்டது. மிஞ்சியது ஒரு குரல்தான். விளையாடிவிட்டுத் தெருவிலிருந்து ஓடிவரும்போது, நீளமான நடையின் கடைசியிலிருந்து, அடுப்படிக்குள்ளிருந்து, "அம்பூ, காலக் கழுவிப்போட்டு வா" என்று கேட்கும் குரல். ஐம்பத்தேழு வருடமாக அவளிடம் அம்மா என்று இருந்தது அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்ற தேஜஸ்ரீயிடம், "இது எங்க ஊடு கண்ணு," என்று மெதுவாகச் சொன்னாள். தேஜஸ்ரீக்கு எதையும் மெதுவாகக் கேட்டுக்கொள்ளத் தெரியாது. அடுத்த நொடி கூட்டம் முழுவதும் திரும்பியது.

சத்தம் கேட்டு வெளியே வந்த பஷீருக்கு ஐம்பது வயதிருக்கும். காந்திபுரத்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். லுங்கி கட்டி, வாயில் பிரஷ்ஷோடு வந்தவர், நுரையைத் துப்புவதற்குள் அம்புஜம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஏனுங்க, உங்க அப்பாதானுங்களா எங்கப்பாகிட்ட இந்த ஊட்டை வாங்கினது?"

கேட்கும்போதே கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது. பஷீர் அவளைப் பார்த்தார். நீட்டிப் பிடித்திருந்த செல்போன்களைப் பார்த்தார். பின்னால் எட்டிப் பார்த்த மனைவி ஜன்னத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "உள்ள வாங்க."

அன்றைக்கு ஜன்னத் அடுப்பை அணைத்துவிட்டு, மிக்ஸியை நிறுத்திவிட்டு, அடுப்படியை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அம்புஜம் உள்ளே தனியாக நின்றாள். கேஸ் அடுப்பு, தோசை மாவுப் பாத்திரம், சுவரில் ஒரு காலண்டர். கண்ணை மூடியதும் குரல் வந்தது. இத்தனை வருடத்தில் இல்லாத அளவுக்குப் பக்கத்தில் வந்தது.

அவள் வெளியே வந்தபோது இருபது பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். தேஜஸ்ரீ அதைப் படத்தோடு இன்ஸ்டாகிராமில் போட்டாள். அடுத்த வாரத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் இரட்டிப்பானார்கள். பாதிப் பேரைத் திருப்பியனுப்ப வேண்டியிருந்தது. இனி வாரா வாரம் ஆன்ட்டி வரவேண்டும், பச்சைக் கதவுக்கு முன்னால் நின்று ஒரு அஞ்சு நிமிடம் பழைய கதை சொல்ல வேண்டும் என்று தேஜஸ்ரீ கையைப் பிடித்துக்கொண்டாள்.

அஞ்சு நிமிடம்தான் சிக்கல். அம்புஜத்திடம் இருந்தது நாலே விஷயம். படி, கதவு, நடை, குரல். குரலை ஊராருக்குச் சொல்ல அவளுக்கு மனமில்லை. மற்ற மூன்றையும் எவ்வளவு இழுத்துச் சொன்னாலும் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோனது. அதனால்தான் இரண்டாவது வாரம் கிணறு வந்தது. கிணற்றடியில் ஒரு கொய்யா மரமும் வந்தது.

சொல்லி முடித்த மறுகணம் பஷீரைத்தான் பயந்துகொண்டு பார்த்தாள். அவர் யோசிக்கவே இல்லை.

"ஆமாங்க, கொய்யா மரம். ஒரு ஐப்பசி மழைக்குச் சாஞ்சுபோச்சுங்க."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா ரம்ஜான் பீவியும் பெரிதாகத் தலையாட்டினார். எண்பது வயசு. காது மந்தம், அதிகம் பேசாதவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியும்போதே எழுந்து, வெளுத்த சேலை உடுத்தி, வாசலைப் பார்க்க நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறார் என்று ஜன்னத் ஒரு தடவை சொன்னாள். முன்னெல்லாம் தங்கள் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை என்றும் சொன்னாள்.

ஆக, தான் சொல்வது பொய்யில்லை, உள்ளே புதைந்து கிடந்த நினைவுதான் ஒவ்வொன்றாக மேலே வருகிறது என்று அம்புஜம் தேற்றிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில்தான், மூன்றாவது ஞாயிறு மத்தியானம், மதுக்கரையில் இருக்கும் அண்ணன் பாலுசாமிக்கு போன் போட்டாள்.

பாலுசாமி அவளைவிட ஏழு வயது மூத்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"முதல் வீதியா? அம்மணி, நம்ம ஊடு இருந்தது ரெண்டாம் வீதில. தண்ணிக் குழாய்க்கு நேர் எதுத்தாப்பல."

படியும் கதவும் நடையும் அப்படியே இருக்கிறதே என்றாள் அம்புஜம். அந்த இரண்டு வீதியையும் ஒரே மேஸ்திரிதான் கட்டினார், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அப்படித்தான் இருக்கும் என்றார் அண்ணன். சின்ன வயதில் தானே இரண்டு தடவை அடுத்த வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன் என்றார்.

"கிணறு?" என்று கேட்டாள்.

"கிணறிருந்தா அம்மா எதுக்குக் கொடத்தத் தூக்கிட்டுக் குழாயடிக்குப் போறா?"

கொய்யா மரத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.

மறுநாள் டவுன் பஸ் ஏறித் தனியாகப் போனாள். இரண்டாம் வீதியில் அந்தத் தண்ணீர்க் குழாய் இன்னும் இருந்தது. அதற்கு எதிரில் வீடு இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்டு, துணிக்கடைக்கு வருகிறவர்களின் இருசக்கர வாகனங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அம்புஜம் உள்ளே போனாள். வாசலிலிருந்து நடை இவ்வளவு நீளம் என்று மனதுக்குள் அளந்து, அடுப்படி இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஸ்கூட்டருக்கும் புல்லட்டுக்கும் நடுவில் போய் நின்று கண்ணை மூடினாள்.

"டோக்கனக் குடுங்க," என்று குரல் வந்தது. காவல்காரர்.

வண்டி எதுவும் இல்லை என்றாள். அப்புறம் என்ன தேடுகிறீர்கள் என்று அவர் கேட்டதும் வெளியே வந்து, குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

இனிமேல் போகவே கூடாது என்று முடிவு செய்தாள். நாலாவது வாரம் காய்ச்சல் என்று தேஜஸ்ரீயிடம் சொல்லிவிட்டு, போனை அணைத்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பஷீரும் ஜன்னத்தும் தேஜஸ்ரீயிடம் முகவரி கேட்டு பைக்கில் வந்திருந்தார்கள், அடுக்குக் கேரியரில் இடியாப்பத்தோடும் தேங்காய்ப் பாலோடும்.

"நம்ம ஊட்டு அடுப்புல செஞ்சதுங்க அக்கா," என்றாள் ஜன்னத். "சாப்பிட்டா காய்ச்சல் நின்னுக்கும்."

காய்ச்சலே இல்லாத அம்புஜம் போர்வையைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டாள். அவள் இல்லாத குறை தெரியாமல் அன்றைக்குக் கூட்டத்துக்குத் தானே கதை சொல்லிச் சமாளித்துவிட்டதாக பஷீர் சொன்னார். என்ன கதை என்று கேட்டாள். அவளுடைய அப்பா சாவியைக் கொடுக்க வந்த அன்றைக்கு, அந்த மூன்று படியில் நடுப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாராம். தன்னுடைய அத்தாதான் சட்டைத் துணியால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாராம்.

அம்புஜம் பாதி இடியாப்பத்தோடு தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அழுதவர் அவள் அப்பா இல்லை. அப்படியானால் யாரோ ஒரு மனிதர், பெயர் தெரியாதவர், அந்த வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் அந்தப் படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும். அவர்கள் எங்கே இருக்கிறார்களோ. நான் அவர்களுடைய வீட்டை எடுத்துக்கொண்டது போதாதென்று, அந்த மனிதருடைய கண்ணீரையும் எடுத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிட்டால் அந்த அடுப்படிக்குள் போக முடியாது. சொல்லாமல் போவதும் திருட்டு. இப்படியே ஒரு வாரம் புரண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கால் தானாகச் செருப்புக்குள் நுழைந்துவிட்டது.

கொடுமை என்னவென்றால், அந்தத் தப்பான அடுப்படியில் நின்று கண்ணை மூடியதும், குரல் வந்தது. கொஞ்சமும் குறையாமல் வந்தது.

அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வெளியே வந்து ஜன்னத்தின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

கூட்டத்தையாவது இந்த வீட்டுப் பக்கம் வராமல் திருப்பிவிடலாம் என்று அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தேஜஸ்ரீயிடம், இரண்டாம் வீதியில் இதைவிட நல்ல வீடுகள் இருக்கின்றன, இனிமேல் அங்கே போகலாமே என்றாள். தேஜஸ்ரீ அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். ஆனால் முதல் வீதியை விடவில்லை. இரண்டாம் வீதியையும் சேர்த்துக்கொண்டாள்.

ஆறாவது ஞாயிறு, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கூட்டம் நின்றது. தகரக் கூரைக்குக் கீழே வண்டிகள் பளபளத்துக்கொண்டிருந்தன. மேஸ்திரி கட்டிய வரிசையில் இங்கே மட்டும் ஒரு வீடு குறைகிறது என்று தேஜஸ்ரீ கண்டுபிடித்திருந்தாள்.

"இந்த எடத்துல யாரு குடியிருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாங்க ஆன்ட்டி?"

இருபது செல்போன்கள் அவள் பக்கம் திரும்பின. காவல்காரர் வேறு அவளை அடையாளம் தெரிந்துகொண்டு உற்றுப் பார்த்தார்.

அம்புஜம் வாயைத் திறந்தாள். கோபால்சாமி என்ற அப்பாவின் பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. அம்மாவின் பெயர் அதற்குப் பின்னால் நின்றது.

"தெரியலீங்க கண்ணு," என்றாள். "யாராச்சும் இருந்திருப்பாங்க."

நினைவு வைத்துக்கொள்ள ஒரு ஆள் இல்லாவிட்டால் ஒரு வீடு இப்படித்தான் அடையாளம் இல்லாமல் போகும் என்று தேஜஸ்ரீ கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். வண்டிகளைப் படம் எடுத்தார்கள். அம்புஜம் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

ஒரு வழி மிச்சமிருந்தது. தன்னுடைய பங்கைக் குறைத்துக்கொண்டு பஷீர் குடும்பத்தை முன்னால் தள்ளிவிடுவது. உண்மையான உரிமைக்காரர்களுக்கு உரிய மரியாதை போய்ச் சேர்ந்தால் மனசாட்சிக்குக் கொஞ்சம் பாரம் குறையும். ஏழாவது ஞாயிறு கூட்டம் வந்து நின்றதும், தாங்கள் இங்கே இருந்தது கொஞ்சக் காலம்தான், பஷீர் தம்பி குடும்பம்தான் ஐம்பத்தேழு வருடமாக இருக்கிறது, இனிமேல் அவர்களைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டாள்.

பஷீருக்கு வேர்த்துவிட்டது. நல்ல மனிதர், கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள் அம்புஜம்.

கூட்டம் கேள்விகளால் துளைத்தது. நீங்கள் பிறந்தது எந்த அறையில், கல்யாணம் நடந்தது எங்கே, நோன்புக் கஞ்சி காய்ச்சியது எங்கே. பஷீர் ஜன்னத்தைப் பார்த்தார். ஜன்னத் மாமியாரைப் பார்த்தாள். "எல்லாம் இங்கதானுங்க," என்று ரம்ஜான் பீவி வீட்டை மொத்தமாகக் கையால் சுற்றிக் காட்டினார். மேல் மாடி அறையைப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அது பூட்டியிருக்கிறது, சாவி கைவசம் இல்லை என்றார் பஷீர். எதிரே அயர்ன் வண்டிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்குத் தன் குட்டு தெரிந்துவிட்டது என்று அம்புஜம் தலையைக் குனிந்துகொண்டாள்.

இதன் பலன் இன்னும் மோசமாக வந்தது. விற்றவர் குடும்பமும் வாங்கியவர் குடும்பமும் இத்தனை வருடம் கழித்து ஒரே வாசலில் நிற்பது தேஜஸ்ரீயின் மனதை உருக்கிவிட்டது. வாசல் சுவரில் ஒரு கருங்கல் பலகை பதிப்பது என்று முடிவு செய்துவிட்டாள். இரண்டு குடும்பங்களின் பெயரும் அதில் இருக்கும். 'கோபால்சாமி குடும்பம், பஷீர் குடும்பம்: இருவர் பிறந்த வீடு இது.'

பஷீர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சுவர் ஓதம் அடித்திருக்கிறது என்றார். அம்மாவுக்கு டிரில்லிங் சத்தம் ஆகாது என்றார். அடுத்த வருடம் வெள்ளையடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். இவ்வளவு அடக்கமான மனிதரைத் தான் பார்த்ததே இல்லை என்று தேஜஸ்ரீ அம்புஜத்திடம் சொன்னாள். அம்புஜத்துக்குக் கண் கலங்கியது. இவரிடமா பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பலகை பதிக்கிற ஞாயிறு வந்தது. அறுபது பேருக்குக் குறையாமல் வீதி நிறைந்திருந்தது. ஒரு பத்திரிகைக்காரர் வந்திருந்தார். செய்தித்தாளில் சுற்றிய கல் படியில் சாய்ந்து நின்றது. ரம்ஜான் பீவி நாற்காலியை விட்டுவிட்டு, வந்தவர்களுக்கு வெங்காயம் போட்டு ஏதாவது செய்யலாம் என்று அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஏணி மேல் ஏறியவர் மெஷினை ஓட்டியதும் சுவரிலிருந்து சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஏனுங்க, மெதுவாங்க," என்று பஷீர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "ஒரு ஓட்டையே போதுமுங்க. ஒத்தை ஓட்டைல தொங்கவிட முடியாதுங்களா?"

நாலு ஓட்டை வேண்டும் என்றார் ஏணி மேல் இருந்தவர்.

அந்தத் தூசிக்கு நடுவில் நின்ற அம்புஜத்துக்கு, நடுப்படியில் யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. அவரைத் தாண்டித்தான் எல்லோரும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஜன்னத்தின் கையைப் பிடித்தாள். பஷீரையும் கூப்பிட்டாள். நடையின் கடைசிக்கு, அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ரம்ஜான் பீவி தரையில் மணைபோட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தக் கல்லப் பதிக்க வேண்டாமுங்க," என்றாள் அம்புஜம். "இது எங்க ஊடு இல்லீங்க."

வெளியே மெஷின் இரைந்தது. காது மந்தமான பெரியம்மாவுக்கும் கேட்கட்டும் என்று அம்புஜம் குரலை உயர்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனுக்கு போன் செய்தது, இரண்டாம் வீதி, தகரக் கூரை, டோக்கன் கேட்ட காவல்காரர். கிணறு பொய், கொய்யா மரம் பொய். காய்ச்சலும் பொய்.

"தெரிஞ்சதுக்கு அப்புறமும் வந்துபோட்டனுங்க. எங்கம்மா மூஞ்சி எனக்கு ஞாபகமில்ல. கூப்பிடற சத்தம் மட்டும் இருந்துச்சு. எங்க எடத்துல போயி நின்னு பாத்தேன், அங்க கேக்கல. இந்த அடுப்படிலதான் கேக்குது. அதுக்காக உங்க ஊட்டை எங்க ஊடுன்னு சொல்லிட்டேன். உங்க அத்தா துடைச்சுவிட்டாரே, அந்தக் கண்ணு எங்கப்பா கண்ணு இல்லீங்க தம்பி. அது யாரு பெத்த புள்ளையோ. அவங்க ஊட்டுச் சுவத்துல எங்கப்பா பேரு ஏறக்கூடாது."

முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியே மெஷின் இரண்டாவது ஓட்டையை முடித்து நின்றது. அமைதியில் ஒரு விசும்பல் கேட்டது. அம்புஜம் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். ஜன்னத் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று முதலில் நினைத்தாள். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பஷீர் அரிசி டிரம் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் காலையில் கிரைண்டரைத் திறந்து பார்த்து எதுவும் புரியாத மெக்கானிக்கின் முகம் போல் இருந்தது.

"அக்கா," என்றார். "அது வந்துங்க..."

வாசலில் தேஜஸ்ரீ இருவரின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஓட்டைக்கு மெஷின் மறுபடி இரையத் தொடங்கியது.

ரம்ஜான் பீவி வெங்காயத்தைக் கீழே வைத்தார். தோலைத் தட்டிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அம்புஜத்தை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கு அம்மணி அழுவறீங்க? நாங்களே இந்த ஊட்டுக்கு வாடகைக்கு வந்து ஒம்பது மாசந்தானுங்க ஆகுது."